நான் கேட்டேன்தானே?

“அத்தை, வைரஸ் ரொம்ப இருக்கு. ஃபார்மட் பண்ணிடவா?”

“பண்ணுப்பா. சுத்தமானா சரி.”

2016-இல் ஒரு செமஸ்டர் விடுமுறையின்போது, ஜெஞ்சாரோமில் எங்கள் தாமானில், எங்கள் வீட்டிலிருந்து மூன்றாவது வீட்டில் நடந்த பேச்சு இது. ஐந்து விநாடிகூட ஆகியிருக்காது. இந்த ஐந்து விநாடியைப் பற்றித்தான் ஒன்பது வருடமாக எனக்குள்ளேயே வாதாடிக்கொண்டிருக்கிறேன். சில நாள் நான் ஜெயிப்பேன். பெரும்பாலும் தோற்றுப்போவேன்.

அத்தை என்றால் ரத்த உறவு இல்லை. எங்கள் இரண்டு குடும்பமும் ஒரே தோட்டத்தில், ஒரே லயத்தில் இருந்தவை. தோட்டத்தை மேம்பாட்டுக்கு எடுத்துக்கொண்டு லயங்களை இடித்தபோது இந்த மலிவு விலை வீடுகளுக்கு வந்தோம். முறை வைத்துக் கூப்பிடுவது மட்டும் மாறவில்லை. அத்தையின் கணவர் லோரி ஓட்டியவர். எனக்கு மாமா. அந்தக் கம்ப்யூட்டர் அவர் வாங்கியது. 2014-இல் அவர் தவறிய பிறகு அதைத் தொடுவதற்கு ஆள் இல்லை. அத்தைக்கு அதை ‘ஆன்’ பண்ணத் தெரியும், ‘மை பிக்சர்ஸ்’ என்ற மஞ்சள் பையைத் திறக்கத் தெரியும். அதற்கு மேல் அவருக்குத் தேவைப்படவும் இல்லை.

நான் அப்போது உள்ளூர்ப் பல்கலைக்கழகம் ஒன்றில் பொறியியல் இரண்டாம் ஆண்டு. தாமானில் பொறியியல் படிக்கிற பையன் என்றால் அஸ்ட்ரோ டிகோடர், காற்றாடி, தண்ணீர் மோட்டார், கம்ப்யூட்டர் எல்லாமே அவன் கணக்கில்தான் வரும். அத்தை கூப்பிட்டார். போய்ப் பார்த்தேன். திறக்கிற விண்டோ தானாகவே மூடிக்கொள்கிறது. மெஷின் நினைத்த நேரத்துக்கு ரீஸ்டார்ட் ஆகிறது. எந்தப் பையைச் சொடுக்கினாலும் அரை நிமிடம் யோசிக்கிறது. விண்டோஸ் எக்ஸ்பி. மைக்ரோசாஃப்ட் அதற்கு 2014 ஏப்ரல் 8-ஆம் தேதியே கை கழுவிவிட்டது. கேட்க வேண்டிய கேள்வியைக் கேட்டேன், அத்தை சரியென்றார், சிடியைப் போட்டேன். இரண்டு மணி நேரத்தில் புதுசு மாதிரி ஆகிவிட்டது. அன்று பாசார் மாலாம். நண்பர்கள் மோட்டாரோடு வெளியே காத்திருந்தார்கள். அத்தை கொடுத்த 20 வெள்ளியைப் பெருந்தன்மையாக மறுத்துவிட்டுக் கிளம்பினேன்.

இரண்டு நாள் கழித்து அத்தை எங்கள் வீட்டு கேட்டருகே வந்து நின்றார். 

“தம்பி, மாமா எடுத்த போட்டோலாம் எங்கப்பா எடுத்து வச்சிருக்க?”

எடுத்து வச்சிருக்க. அந்தச் சொல்லைக் கேட்ட பிறகுதான் எனக்கு விளங்கியது. வீட்டைச் சுத்தம் செய்யும்போது சாமான்களை வெளியே எடுத்து வைப்போம், கூட்டித் துடைப்போம், திரும்ப உள்ளே அடுக்குவோம். அத்தைக்குத் தெரிந்த சுத்தம் அதுதான். நான் எதையோ திரும்ப அடுக்க மறந்துவிட்டேன் என்று நினைத்து வந்திருக்கிறார்.

“அத்தை, ஃபார்மட்னா எல்லாமே போயிடும் அத்தை. நான் கேட்டேன்தானே?”

“ஆமாப்பா. நீ கேட்டே.”

அதில் கோபம் இல்லை, குத்தலும் இல்லை. ஒரு தகவலை ஒப்புக்கொள்கிற மாதிரி சொன்னார். திட்டியிருந்தால் அன்றோடு மறந்திருப்பேன்.

*

மாமா எடுத்த படங்கள் என்னவென்று அப்புறம்தான் கேட்டுத் தெரிந்துகொண்டேன். லயங்களை இடிப்பதற்கு முந்தைய மாதங்களில் ஒரு சின்ன டிஜிட்டல் கேமராவால் எடுத்தவை. தோட்டத்து மாரியம்மன் கோயிலின் கடைசித் திருவிழா, பெரட்டுக்களம், ஆயாக் கொட்டகை, கிணற்றடி, ஒவ்வொரு வீட்டு வாசலிலும் அந்தந்தக் குடும்பம். இன்று அந்த இடத்தில் இரட்டை மாடி வீடுகள். கோயில் வேறு இடத்துக்குப் போய்விட்டது. ஆயாக் கொட்டகை எங்கே இருந்தது என்று கைகாட்டக்கூட ஒரு மரம் மிச்சமில்லை.

ஃபார்மட் என்ற சொல்லைச் சாதாரணமாகப் பயன்படுத்துகிறோம். உள்ளே நடப்பது இதுதான். விரைவு முறையில் செய்தால் வட்டில் இருக்கும் தரவு உடனே அழிவதில்லை. எந்தக் கோப்பு எங்கே இருக்கிறது என்று எழுதிவைத்த பட்டியல்தான் புதிதாகிறது. நூலகத்தின் அட்டவணையைக் கொளுத்திவிட்டு, புத்தகங்களை அலமாரியிலேயே விட்ட மாதிரி. அதன் பிறகு புது விண்டோஸ் வந்து தன் கோப்புகளை அந்த அலமாரிகளில் திணிக்கும்போதுதான் பழையவை நிஜமாகவே போகின்றன. எனவே ஒரு நப்பாசை இருந்தது. வட்டைக் கழற்றி ஹாஸ்டலுக்குக் கொண்டுபோய் ‘ஃபோட்டோரெக்’ என்ற மீட்பு மென்பொருளை ஓட்டினேன். ஒரு இரவு முழுக்க ஓடி நாற்பதுச் சொச்சம் படங்களைத் தந்தது. எதற்கும் பெயர் இல்லை, தேதி இல்லை. எஃப் என்ற எழுத்தும் நீளமாக ஓர் எண்ணும் மட்டும். பாதிப் படங்களில் மேல்பகுதி இருந்தது, கீழே சாம்பல் நிறப் பட்டை. ஒன்றில் கோயில் கோபுரமும் வானமும் இருந்தன, கீழே நின்ற ஜனங்கள் இல்லை.

இனி என் தரப்பு வாதம். அதையும் நேர்மையாக வைக்க வேண்டும்.

ஃபார்மட் செய்தது தொழில்முறையில் தவறில்லை. கம்ப்யூட்டர் வைரஸ் என்ற பெயரை ஆராய்ச்சி உலகில் நிலைநிறுத்தியவர்களில் ஒருவரான ஃப்ரெட் கோஹன், 1984-இல் எழுதிய கட்டுரையிலேயே ஒரு விஷயத்தை நிறுவிவிட்டார். எல்லா வைரஸையும் தப்பாமல், தவறாமல் கண்டுபிடிக்கும் ஒரு நிரலை எழுதவே முடியாது. இன்றைய மென்பொருள் மோசம், நாளைக்கு நல்லது வரும் என்ற கதை இல்லை இது. தர்க்கப்படி முடியாது. ஆகவே ஒருமுறை கெட்டுப்போன மெஷினை ‘இப்போது சுத்தம்’ என்று யாரும் சத்தியம் செய்ய முடியாது. எல்லாவற்றையும் அழித்து அடித்தளத்திலிருந்து கட்டுவதுதான் பாதுகாப்பு என்பது எங்கள் துறையின் பொது விதி. நான் அந்த விதிப்படி நடந்தேன். உரிமையாளரிடம் அனுமதியும் கேட்டேன். அவரும் கொடுத்தார்.

இதில் எங்கே குற்றம்? படங்களை முதலில் நகல் எடுத்திருக்க வேண்டும் என்பீர்கள். உண்மைதான், அது கவனக்குறைவு. ஆனால் என்னை உறுத்துவது அதற்கும் முன்னால் இருக்கிறது. அந்த ‘சரி’ நிஜமாகவே சரிதானா? புரியாத ஒரு சொல்லுக்குக் கிடைத்த சம்மதம் சம்மதமா?

*

எங்கள் ஆட்களுக்கு இது புதிய கேள்வி இல்லை. மலாயாவுக்கு ஒப்பந்தக் கூலிகளாக வந்தவர்கள் தங்களால் படிக்க முடியாத காகிதத்தில் கைரேகை வைத்துத்தான் கப்பல் ஏறினார்கள். அந்த முறையை 1910-இல் நிறுத்தினார்கள். சட்டப்படி பார்த்தால் ஒவ்வொரு ரேகையும் ஒரு ‘சரி’. 

அவ்வளவு தூரம் போக வேண்டியதுகூட இல்லை. நான் ஐந்தாம் வகுப்புப் படிக்கும்போதே எங்கள் வரிசையில் பல வீடுகளுக்குக் கடிதம் படித்துச் சொல்லும் பையன் நான்தான். பேங்க், நிலவரி அலுவலகம், மருத்துவமனை எல்லாம் மலாயிலோ ஆங்கிலத்திலோ வரும். “என்னப்பா போட்டிருக்கான்?” என்பார்கள். பாதி எனக்கே புரியாது. புரிந்த பாதியைச் சொல்லிவிட்டு, “இங்க சைன் பண்ணணுமாம்” என்று விரலால் காட்டுவேன். காட்டிய இடத்தில் போடுவார்கள். அந்த விரலுக்கு எவ்வளவு அதிகாரம் இருந்தது என்று அப்போது தெரியாது. தெரிந்திருந்தால் இரண்டாம் ஆண்டில் இவ்வளவு சுலபமாக “ஃபார்மட் பண்ணிடவா” என்று கேட்டிருக்க மாட்டேன்.

இன்னொன்றும் ஒப்புக்கொள்ள வேண்டும். அந்தக் கேள்வியை அத்தை யோசித்துப் பதில் சொல்லட்டும் என்று நான் கேட்கவில்லை. பின்னால் யாராவது கேட்டால் சொல்லிக்கொள்ளத்தான் கேட்டேன். நேரம் ஆகிறது, வெளியே மோட்டார் ஹாரன் அடிக்கிறது. “நான் கேட்டேன்தானே” என்ற வாக்கியம் அத்தை கேட்டருகே வந்த அன்று பிறந்ததில்லை. கேள்வி கேட்ட அந்த விநாடியிலேயே அது என் பையில் தயாராக இருந்தது.

மென்பொருள் நிறுவவேண்டுமென்றால் நாற்பது பக்க நிபந்தனையை இறக்கிவிட்டுக் கீழே ‘ஒப்புக்கொள்கிறேன்’ என்று ஒரு கட்டம் வைக்கிறார்களே, யாரும் படிப்பதில்லை என்பது எழுதியவர்களுக்கும் தெரியும். என் கேள்வியும் அந்தக் கட்டம் மாதிரிதான்.

*

சென்ற ஆண்டு தீபாவளிக்கு ஒரு வாரம் முன்பு, அக்டோபர் 14-ஆம் தேதி, விண்டோஸ் 10-க்கும் மைக்ரோசாஃப்ட் ஆதரவை நிறுத்தியது. அதனால் தீபாவளிக்குப் போன வீடுகளிலெல்லாம் முறுக்கோடு சேர்த்து ஒரு கம்ப்யூட்டரையும் என் முன்னால் வைத்தார்கள். பந்திங்கில் அத்தையின் தம்பி வீடு. அங்கிள் தன் லேப்டாப்பைக் காட்டிவிட்டுப் பேச்சுவாக்கில், “ஸ்டோர்ல பழசு ஒண்ணு கெடக்கு தம்பி. சூராட் காபார் லாமா லோரிக்காரன் வந்தா தூக்கிப் போடணும். மச்சான் குடுத்த படம்லாம் அதுலதான் இருக்கு, ஆனா ஒரே வைரஸு” என்றார்.

மச்சான் என்றால் மாமா. கோயில் திருவிழா முடிந்த கையோடு ஒரு பென்டிரைவில் படங்களை ஏற்றிக்கொண்டுவந்து இங்கே போட்டிருக்கிறார். கூடவே வைரஸும் வந்திருக்கிறது. ஒரே பென்டிரைவ், ஒரே பயணம். ஜெஞ்சாரோமில் நான் அழித்த படங்கள் பந்திங்கில் ஒட்டடைக்குக் கீழே பிழைத்திருந்தன.

இந்த முறை மெஷினை ‘ஆன்’ பண்ணவில்லை. வட்டைக் கழற்றி, கன்வெர்ட்டர் வழியாக என் லினக்ஸ் லேப்டாப்பில் மாட்டி, படிக்க மட்டும் என்ற நிலையில் திறந்தேன். விண்டோஸுக்காக எழுதிய வைரஸ் லினக்ஸில் தானாக எழுந்திருக்காது. தூங்கும் பாம்பைக் கண்ணாடிப் பெட்டிக்கு வெளியே நின்று பார்க்கிற மாதிரி நிதானமாகப் பார்க்கலாம். முதல் வேலையாகப் படங்கள் முழுவதையும் நகல் எடுத்தேன். 

பிறகுதான் வைரஸைத் தேடினேன். பிரோன்தோக். 2005 வாக்கில் இந்தோனேசியாவில் கிளம்பிய புழு. பெயர் அங்கே ஒரு வகைக் கழுகினுடையது. என் வயதுக்காரர்கள் பள்ளிக் கம்ப்யூட்டர் அறையில் இதைச் சந்தித்திருப்பீர்கள். மஞ்சள் பை மாதிரி முகம் வைத்துக்கொண்டு ஒவ்வொரு பைக்குள்ளும் அதே பையின் பெயரில் ஒரு நிரல் உட்கார்ந்திருக்கும். பை என்று நினைத்துச் சொடுக்கினால் அது ஓடத் தொடங்கும். விண்டோஸின் சொந்த நிரல்களான ‘சர்வீசஸ்’, ‘வின்லாகன்’ போன்றவற்றின் பெயரிலேயே பயனரின் பைக்குள் ஒளிந்துகொள்ளும். தன்னைப் பிடிக்க உதவும் ரெஜிஸ்ட்ரி எடிட்டரையும், மறைந்த கோப்புகளைக் காட்டும் வசதியையும் முடக்கிவிடும். தினமும் மாலை 5.08-க்குத் தன்னை எழுப்ப ஓர் ஏற்பாடும் செய்துவைக்கும். எடுப்பது பெரிய வித்தை இல்லை. போலிப் பைகள் எல்லாம் ஒரே அளவு. கோப்புகளை அளவுப்படி வரிசைப்படுத்தினால் எல்லாம் பக்கத்தில் பக்கத்தில் வந்து நிற்கும். அவற்றை அழித்து, ஒளிந்திருப்பவற்றை அழித்து, அந்த 5.08 ஏற்பாட்டை நீக்கி, வட்டைத் திரும்ப மாட்டிய பிறகு ரெஜிஸ்ட்ரியில் அது முடக்கியவற்றைத் திறந்துவிட வேண்டும். பொறுமைதான் வேண்டும்.

இந்த வேலையின் நடுவில், மாமாவின் படங்கள் இருந்த அதே பையில், படம் இல்லாத ஒரு கோப்பைப் பார்த்தேன். பிரோன்தோக் எழுதிவைக்கும் ஒரு பக்கம் அது. திறந்து படித்தேன். இந்தோனேசிய மொழி என்பதால் நமக்கும் புரியும். அது ஓர் உபதேசம். ஊழல்காரர்களையும் போதைப்பொருள் வியாபாரிகளையும் தண்டியுங்கள், கடலையும் நதியையும் நாசமாக்காதீர்கள், காட்டை எரிக்காதீர்கள், உலக முடிவு நெருங்கிவிட்டது. இந்த ரீதியில் போகிறது.

சிரிப்பு வந்தது. கொஞ்ச நேரத்தில் போய்விட்டது. நதி, காடு பற்றிய வரிகளில் எனக்கு மறுப்பே இல்லை. நானும் அதைத்தான் சொல்வேன். ஆனால் அதைச் சொல்ல அவன் ஒரு லோரி ஓட்டுநரின் திருவிழாப் படங்களுக்குள் புகுந்து, அவர் பென்டிரைவில் தொற்றி, அவர் மச்சினன் வீட்டையும் கெடுத்திருக்கிறான். சொல்வது நல்லது என்பதால் கேட்காமல் நுழையலாம் என்று நினைத்திருக்கிறான். அவனைத் திட்ட வாயெடுத்தபோது என் முகமும் அதில் தெரிந்தது.

*

நல்லது *சொல்ல* நுழைந்தவன் இவன். நல்லது *செய்ய* நுழைந்தவனும் உண்டு. 2003 ஆகஸ்டில் பிளாஸ்டர் என்ற புழு உலகம் முழுக்க விண்டோஸ் மெஷின்களைக் கலங்கடித்தது. ஒரு வாரத்துக்குள் வெல்சியா என்று இன்னொரு புழு வந்தது. பிளாஸ்டர் நுழைந்த அதே ஓட்டை வழியாக அதுவும் நுழையும். பிளாஸ்டரைக் கண்டுபிடித்து அழிக்கும். மைக்ரோசாஃப்டிலிருந்து திருத்தத்தை இறக்கி ஓட்டையை அடைக்கும். 2004 வந்ததும் தன்னையே அழித்துக்கொள்ளும்படியும் எழுதியிருந்தார்கள். நிரலுக்குள் எழுதியவரின் குறிப்பு ஒன்றும் இருந்தது. மனைவியையும் குழந்தையையும் நேசிப்பதாக.

இதைவிட நல்ல மனசு வேண்டுமா? ஆனால் அடுத்த மெஷினைத் தேடி அது அனுப்பிய சோதனைச் செய்திகளின் வெள்ளத்தில் வலைப்பின்னல்கள் திணறின. அமெரிக்கக் கடற்படையின் உள்வலை தடுமாறியது. ஏர் கனடாவின் பயணப் பதிவு கணினிகள் நின்றன. நோயை விட மருந்து அதிகம் படுத்தியது என்று அப்போது பலர் எழுதினார்கள். எந்த மெஷினில் எது ஓடிக்கொண்டிருக்கிறது, எதை எப்போது ரீஸ்டார்ட் பண்ணக் கூடாது என்பது அதன் சொந்தக்காரருக்குத்தான் தெரியும். அவரைக் கேட்காதவனுக்கு அது தெரிய வழியே இல்லை.

இங்கே ஒரு நியாயமான எதிர்வாதம் உண்டு. என் வைரஸ் என் வீட்டோடு நிற்பதில்லை. என் மெஷினை வைத்துக்கொண்டு இன்னொருவரைத் தாக்குகிறார்கள் என்றால், ‘என் அனுமதி இல்லாமல் தொடாதே’ என்று நான் சட்டம் பேச முடியுமா? 2021 ஏப்ரலில் அமெரிக்காவின் எஃப்பிஐ, ஊடுருவப்பட்ட நூற்றுக்கணக்கான மெயில் சர்வர்களிலிருந்து தாக்குபவர்கள் விட்டுச்சென்ற பின்கதவுகளை, உரிமையாளர்களிடம் முன்கூட்டிச் சொல்லாமலே நீக்கியது. நீதிமன்றத்தில் அனுமதி வாங்கி, அந்தக் குறிப்பிட்ட கோப்பை மட்டும் நீக்கி, பிறகு தகவல் சொல்ல முயன்றார்கள். எனக்கு அது தவறாகப் படவில்லை. ரத்தம் கொட்டும்போது மருத்துவர் கையெழுத்துக்குக் காத்திருக்க வேண்டாம். ஆனால் அவசரம் என்ற காரணத்தை அவசரத்தில்தான் பயன்படுத்த வேண்டும். அத்தை வீட்டில் யார் ரத்தமும் கொட்டவில்லை. அந்தக் கம்ப்யூட்டர் இணையத்தில்கூட இல்லை. அங்கே இருந்த ஒரே அவசரம் பாசார் மாலாம்.

ஒரு வீட்டுக் கெடுதல் அடுத்த வீட்டு மூக்குக்கு வருவதைப் பற்றி ஜெஞ்சாரோம்காரனுக்கு யாரும் பாடம் எடுக்கத் தேவையில்லை. 2018 ஜனவரி 1 முதல் சீனா வெளிநாட்டுப் பிளாஸ்டிக் கழிவை வாங்குவதை நிறுத்தியது. அந்தக் கப்பல்கள் எங்கள் பக்கம் திரும்பின. போர்ட் கிள்ளானிலிருந்து அரை மணித் தூரத்தில், செம்பனைக்கு நடுவே, உரிமம் இல்லாத தொழிற்சாலைகள் முளைத்தன. விற்க முடிந்ததை எடுத்துக்கொண்டு மிச்சத்தை ராத்திரியில் கொளுத்தினார்கள். விடுமுறைக்கு வீட்டுக்கு வந்தால் நள்ளிரவில் தொண்டை கரகரக்கும். அம்மா ஜன்னல் இடுக்கில் ஈரத்துணி வைத்துவிட்டுப் படுப்பார். எங்கள் ஊரில் 17,000 டன் கழிவு கொட்டிக் கிடந்ததாக 2019 தொடக்கத்தில் உலகச் செய்திகளில் வந்தது. ஊர்க்காரர்கள் சிலர் தாங்களே இரவில் சுற்றி, படம் எடுத்து, புகார் கொடுத்துக் கொடுத்துத்தான் விஷயம் வெளியே வந்தது. அந்த ஆண்டு மே மாதம், 3,000 டன் கழிவை வந்த நாடுகளுக்கே திருப்பி அனுப்பப்போவதாக அன்றைய அமைச்சர் இயோ பீ யின் அறிவித்தார். 2020 ஜனவரிக்குள் 150 கொள்கலன்கள் திரும்பிப் போயிருந்தன.

அந்தக் குவியல்களில் ஏதேதோ ஊர்களின் பால் புட்டிகளும் சோப்பு உறைகளும் இருந்தன. அவற்றைப் போட்டவர்கள் கெட்டவர்கள் இல்லை. கழுவி, பிரித்து, சரியான தொட்டியில்தான் போட்டிருப்பார்கள். ‘ரீசைக்கிள் பண்ணிடவா?’ என்று ஒரு சொல் அவர்களைக் கேட்டது. ‘சுத்தமானா சரி’ என்று அவர்களும் சொல்லியிருப்பார்கள். அந்தச் சொல்லுக்குள் கப்பல் இருக்கிறது, தரகர் இருக்கிறார், என் அம்மாவின் ஈரத்துணி இருக்கிறது என்று யாரும் சொல்லவில்லை. சொல்ல வேண்டியவர்களுக்குத் தெரியும். கேட்கப்பட்டவர்களுக்குத் தெரியாது. எங்களை யாரும் கேட்கவே இல்லை.

தெரிந்தவன் தெரியாதவனிடம் சம்மதம் கேட்கும்போது, புரியவைக்கிற பொறுப்பு முழுக்கத் தெரிந்தவனுடையது என்றுதான் இப்போது நினைக்கிறேன். ‘அவர்தான் விளக்கம் கேட்கவில்லையே’ என்பது பதிலாகாது. எதைக் கேட்க வேண்டும் என்று தெரிந்திருந்தால் அவருக்கு நான் தேவைப்பட்டிருக்க மாட்டேன்.

*

பந்திங்கில் அங்கிளிடம் ஒரு நாள்காட்டித் தாளின் பின்பக்கத்தில் கோடு போட்டுக் காட்டினேன். ஃபார்மட் செய்தால் இதெல்லாம் போகும், இது மட்டும் நிற்கும். செய்யாவிட்டால் இதெல்லாம் இருக்கும், ஆனால் நான் கண்டுபிடிக்காத ஏதோ ஒன்றும் உள்ளே இருக்கலாம். 

“அப்போ முழுசா சுத்தம்னு ஒண்ணு கெடையாதா?”

“என்னால சத்தியம் பண்ண முடியாது அங்கிள். கண்ணுல பட்டத எடுத்துட்டேன். இத இன்டர்நெட்ல மட்டும் மாட்டாதீங்க.”

அவர் கொஞ்சம் யோசித்துவிட்டு ஃபார்மட் வேண்டாம் என்றார். லோரிக்காரனுக்கும் போடவில்லை. மின்னணுக் கழிவு சட்டப்படி எஸ்டபிள்யூ 110 என்ற வகைக்குள் வருகிறது, உரிமம் பெற்றவர்கள்தான் கையாள வேண்டும் என்று சொன்னேன். “லோரியில போட்டா ஒங்க ஊர்லதான் எரிப்பான், அதானே?” என்றார். அது இன்னும் ஸ்டோரில்தான் இருக்கிறது.

அடுத்த நாள் லேப்டாப்பை எடுத்துக்கொண்டு அத்தை வீட்டுக்குப் போனேன். இருநூற்றுச் சொச்சம் படங்கள். ஒவ்வொன்றாகக் காட்டினேன். அத்தை பெயர் சொல்லச் சொல்ல நான் கோப்புகளின் பெயரை மாற்றிக்கொண்டே வந்தேன். கங்காணி வீட்டுக் கிணறு, பால் கொட்டகை, என் அம்மா இரண்டு சடையில். மாமா எதிலும் இல்லை. எல்லாவற்றையும் எடுத்தது அவர்தானே. ஒன்றில் மட்டும் அவர் நிழல் தரையில் விழுந்திருந்தது. அந்தப் படத்தில் அத்தை ரொம்ப நேரம் நின்றார்.

கடைசியில் நாலு படங்கள் வந்தன. இடிக்கிற அன்று எடுத்தவை. பின்னால் மண்வாரி இயந்திரம், பாதி நின்ற சுவர். முன்னால் மூட்டை மேல் உட்கார்ந்து அத்தை அழுகிறார். தலைமுடி கலைந்து, வாய் கோணி.

“இந்த நாலையும் எடுத்துடுப்பா.”

எனக்கு நெஞ்சு பதறியது. எங்கள் தோட்டம் எப்படிப் போனது என்பதற்கு எனக்குத் தெரிந்து இருக்கிற ஒரே சாட்சி அவை. நாளைக்கு யாராவது தோட்டங்களின் கதையை எழுதினால் முதல் பக்கத்தில் வர வேண்டிய படங்கள். அதையும் சொன்னேன். அத்தை கேட்டுக்கொண்டார். 

“தெரியும்பா. மாமா அத எடுத்தப்பவே எனக்குப் புடிக்கல. அன்னிக்குச் சண்டை போட்டேன்.”

நகல் ஒன்றை என் பென்டிரைவில் வைத்துக்கொண்டு அழித்துவிட்டதாகச் சொல்லியிருக்கலாம். அத்தைக்குத் தெரிந்திருக்க வழியே இல்லை. ஒரு நிமிடம் நிஜமாகவே அப்படி நினைத்தேன். சரித்திரத்துக்கு நல்லது என்று பெரிய வார்த்தை ஒன்றும் கையில் இருந்தது.

“அழிச்சா திரும்ப வராது அத்தை. போன தடவ மாதிரி, எங்க எடுத்து வச்சிருக்கன்னு கேட்டா என்கிட்ட இருக்காது. பந்திங்ல இருக்குறதையும் எடுக்கணும்.”

“வேணாம்னுதானே சொல்றேன். தம்பிகிட்ட நான் பேசிக்கிறேன்.”

லேப்டாப்பிலும் பென்டிரைவிலும் இருந்த நாலையும் தேர்ந்தெடுத்துக் கொடுத்தேன். பந்திங்கில் இருப்பதை மறுவாரம் அங்கிள் முன்னாலேயே நீக்கினேன். நான் செய்தது சரியா என்று இன்னும் தெரியவில்லை. ஒரு தோட்டத்தின் நினைவு ஒரே ஒருவருக்குச் சொந்தமா என்று நீங்கள் கேட்டால் என்னிடம் உறுதியான பதில் இல்லை. அந்தச் சுவரும் அந்த இயந்திரமும் எங்கள் எல்லோருடையதும்தான். அழுத முகம் மட்டும் அத்தையுடையது.

எந்தப் பொத்தான் என்று காட்டினேன். அத்தை மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, கேட்டிருந்த கேள்வியை ஒருமுறை என்னை வாசிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டு, அவரே அழுத்தினார்.